ஓர் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து?

அஞ்சுகிராமம் என்ற பெயரில் ஏழு எழுத்துகள் உள்ளன: அ, ஞ், சு, கி, ரா, ம, ம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். அதே பெயரை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து நீளம் எவ்வளவு என்று கேட்டால் 12 என்கிறது. உலாவியில் ஓடும் அந்த மொழி பார்ப்பது எழுத்துகளை அல்ல, குறியெண்களை. ஞகரம் ஒன்று, அதன் மேல் புள்ளி ஒன்று. சகரம் ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று. இப்படிப் பிரித்து எண்ணினால் 12 சரியான விடைதான். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பக்கத்தை இயக்கினால், எங்கே பிழை நடந்தது என்றே தெரியாமல் பிழை நடக்கும்.

அஞ்சுகிராமம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அதைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் வட்டம், கூடங்குளம் பக்கத்தில்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டின் முதல் பாடம் அங்கும் இந்த உலகில் வேறெங்கும் நடப்பதுபோலத்தான் நடக்கிறது: ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மாறும் ஒரு வரி, தட்டத் தட்ட ஏறும் ஓர் எண்ணிக்கை, ஒரு பட்டியல், அதை வடிகட்டும் ஒரு தேடல் பெட்டி, ஒரு படிவம். பக்கத்துக்கு உயிர் கொடுக்கும் இந்த எளிய உத்திகள் எல்லாமே ஆங்கில உரையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடங்களாகவே மாணவருக்கு வந்து சேருகின்றன. தமிழை அவற்றில் ஊற்றிப் பார்ப்பது கடைசியில், வேலைக்குப் போன பிறகு, யாராவது புகார் சொன்னால் மட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். முதல் நாள் முதலே தமிழ்ச் சொல்லை வைத்துச் சோதிக்கும் மாணவர் மொழியையும் கருவியையும் சேர்த்தே சரியாகக் கற்கிறார். அதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு எதுவும் வேண்டாம். குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வைத்தே அத்தனையையும் காட்டிவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995 மே மாதத்தில் பிறந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அதே 1995-இல்தான் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் அவருடன் உழைத்தவர்களும் தமிழை இணையத்தில் ஏற்றினார்கள். இரண்டும் ஒரே வயது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் ஒன்றையொன்று அறியவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடு தரத்தின் முதல் பதிப்பு 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், வலைத்தளங்கள் நெடுங்காலம் தத்தம் எழுத்துருக்களைக் கொண்டே தமிழைக் காட்டின. ஒரு தளத்து எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும்.

யூனிகோடு தமிழுக்குத் தந்த பகுதி 128 இடம் கொண்டது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் அதில் இல்லை. இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற பழைய தரத்தைப் பின்பற்றி, உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்று உறுப்புகளுக்கு மட்டும் குறியெண் கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக்குறி வேண்டும் என்ற வாதம் தமிழ்நாட்டில் வலுவாகவே இருந்தது. அந்த வழியில் உருவான டேஸ்16 என்ற குறிமுறையையும் யூனிகோடுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றது. உலாவிகளின் உலகம் ஏற்றுக்கொண்டதோ யூனிகோடை மட்டும். எனவே இன்று நிரல் எழுதப் பழகும் பிள்ளைக்குக் கிடைப்பது, உறுப்பு உறுப்பாகப் பிரிந்த தமிழ்தான். அதில் குறை காண்பதைவிட, அதை எப்படிக் கையாள்வது என்று அறிவதே இப்போது பயன்படும்.

முதல் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டியில் தட்டத் தட்ட, எத்தனை எழுத்து ஆனது என்று கீழே காட்ட வேண்டும். நிரல் செய்வது இரண்டே வேலை: பெட்டியைக் கண்டுபிடித்து அதன்மேல் காது வைப்பது, சேதி வந்ததும் கீழுள்ள வரியை மாற்றுவது. பழைய பாடங்கள் எந்தச் சேதிக்குக் காத்திருக்கச் சொல்கின்றன என்று பாருங்கள். விசை கீழே போனது என்ற சேதிக்கு. மேசைக் கணினியில், ஆங்கிலத்தில், அது போதும். கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சுச் செயலியோடு எழுதுபவரிடம் அது கைவிட்டுவிடும். ஆண்ட்ராய்டில் பல வேளைகளில் எந்த விசையாக இருந்தாலும் 229 என்ற ஒரே எண்தான் வரும். குரலால் எழுதினாலோ பரிந்துரைத்த சொல்லைத் தொட்டுத் தேர்ந்தாலோ முழுச்சொல்லும் ஒரே அடியாக வந்து விழும். உரை மாறியது என்று சொல்லும் ‘இன்புட்’ நிகழ்வுக்குக் காத்திருப்பதே சரி. எப்படி எழுதினாலும், ஒட்டினாலும், அழித்தாலும் அது வரும். தமிழ்நாட்டில் இணையத்தைப் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் தொடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்த ஒரு மாற்றமே முதல் வாரத்தில் சொல்ல வேண்டியது.

அடுத்தது நீளம். 12 என்று காட்டுவதோடு தொல்லை நின்றுவிடுவதில்லை. நீளமான தலைப்பை முதல் சில எழுத்தோடு வெட்டி, ‘மேலும்’ என்று ஒரு பொத்தான் வைப்பது மிகப் பழகிய உத்தி. அஞ்சுகிராமம் என்பதை நான்கு குறியெண்ணோடு வெட்டினால் ‘அஞ்ச’ என்று நிற்கும். ஊர்ப்பெயர் போய், அச்சத்தைச் சொல்லும் வேறொரு சொல் வந்துவிட்டது. இரண்டோடு வெட்டினால் புள்ளியில்லாத ஞகரம். சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது தொடக்கநிலைப் பயிற்சிகளில் கட்டாயம் இருக்கும் ஒன்று. ‘விகடகவி’யைக் கொடுத்துப் பாருங்கள். இருபக்கமிருந்தும் ஒன்றாக வாசிக்கும் சொல் என்று தமிழ் பேசும் எவரும் அறிவார். பாடநூல் நிரலோ இல்லை என்று சொல்லும். கடைசி இகரக் குறி முதலில் வந்து நிற்க, அது ஏறுவதற்கு மெய் இல்லாமல் போகும். திருஞானசம்பந்தர் திருமாலைமாற்று என்ற பதிகம் முழுவதையுமே முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும்படி பாடியிருக்கிறார். எழுத்து என்றால் என்ன என்பதில் அந்த மரபுக்கு ஐயமே இருந்ததில்லை. அந்தத் தெளிவு நம் நிரலில் வரவேண்டும்.

வருவதற்கு இப்போது வழி உண்டு. ‘இன்டில் செக்மென்டர்’ என்று உலாவியிலேயே ஒரு கருவி இருக்கிறது. உரையை வாசகர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020-இலும், சஃபாரியில் 2021-இலும் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. மூன்றிலும் கிடைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் பழைய பாடங்களில் இது இல்லை. அதனிடம் அஞ்சுகிராமத்தைக் கொடுத்தால் ஏழு துண்டு, விகடகவி ஐந்து. துண்டுகளைத் திருப்பிச் சேர்த்தால் விகடகவி விகடகவியாகவே இருக்கும். முழுமையான கருவி என்று சொல்லிவிட முடியாது. ‘லக்ஷ்மி’யில் வரும் க்ஷ நமக்கு ஓரெழுத்து, இது அதை இரண்டாகப் பிரிக்கும். ஸ்ரீ என்பதும் அப்படியே. இவ்விரண்டையும் தனியாகக் கவனிக்க நிரலில் இரண்டு மூன்று வரி கூடுதலாக வேண்டும். அதை எழுதச் சொல்வதே நல்ல வீட்டுப்பாடம்.

இனிப் பட்டியல். குமரி மாவட்டத்து ஊர்களை அகரவரிசையில் அடுக்கும் பொத்தான் ஒன்று வைக்கிறோம் என்று கொள்வோம். கோவளம், கோழிப்போர்விளை இரண்டும் அதில் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டின் ‘சார்ட்’ கட்டளையை அப்படியே இட்டால் கோழிப்போர்விளை முன்னால் வரும். தமிழ் நெடுங்கணக்கில் யரலவழள என்று வகரத்துக்குப் பின்தான் ழகரம். கோவளம்தான் முதலில் வர வேண்டும். இந்தத் தவறு எங்கிருந்து வந்தது? இஸ்கி தரம் இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில், ஒத்த ஒலிக்கு ஒத்த இடம் என்று வைத்தது. அதனால் யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்னும் போய் உட்கார்ந்தன. குறியெண் வரிசை இடத்தைக் குறிக்கத்தான், அகராதி வரிசை அது அல்ல என்று யூனிகோடே சொல்கிறது. வரிசைப்படுத்தும் விதியைத் தனியாக வைத்திருக்கிறது. நிரலில் அந்த விதியை அழைக்க ‘லோகேல்கம்பேர்’ என்ற ஒப்பீட்டைச் சார்ட் கட்டளைக்குள் வைத்து, மொழி தமிழ் என்று சொன்னால் போதும். ஒரே வரி. அந்த ஒரு வரி இல்லாத காரணத்தால் எத்தனையோ தமிழ்ப் பட்டியல்களில் வரிசை தவறி நிற்கிறது. ஆங்கிலத்தில் இசட்டுக்குப் பின் எக்ஸ் வந்த பட்டியலை யாரும் வெளியிடமாட்டார்கள். தமிழில் மட்டும் அது பிழையாகவே கண்ணில் படுவதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

தேடல் பெட்டியில் இன்னும் இரண்டு ஆழம் உண்டு. முதலாவது, ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கொட்டாரம் என்ற ஊர்ப்பெயரின் ‘கொ’வில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரல் ஒப்பிட்டால் வேறுவேறு. ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். தேடும் சொல்லுக்கும் தேடப்படும் பட்டியலுக்கும் அதை இட்ட பிறகே ஒப்பிட வேண்டும். ஆனால் ‘கௌரி’யின் ஔகாரத்தைக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டுபவர்கள் ஏராளம். அதை இந்தக் கட்டளை திருத்தாது. யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல். அங்கே நாமே ஒரு மாற்று விதி எழுத வேண்டும்.

இரண்டாவது, தமிழ் இலக்கணத்திலிருந்தே வருவது. ‘அஞ்சுகிராமம்’ என்று தேடினால் ‘அஞ்சுகிராமத்தில் பேருந்து நிற்கும்’ என்ற வரி அகப்படாது. மகர மெய் போய் அத்துச் சாரியை வந்துவிட்டது. கூடங்குளம் கூடங்குளத்துக்கு ஆகிறது. கொட்டாரம் கொட்டாரத்திலிருந்து ஆகிறது. நாகர்கோவிலில் என்று எழுதினாலோ, புள்ளி போய் அந்த லகரத்தின்மேல் இகரம் ஏறிவிடுகிறது. ஆங்கிலப் பாடத்தில் ‘உள்ளடங்கியிருக்கிறதா’ என்று கேட்கும் ‘இன்க்ளூட்ஸ்’ கட்டளையோடு தேடல் முடிந்தது. நமக்கு அதற்கு முன் ஒரு படி தேவை: தேடும் சொல் ‘ம்’ என்று முடிந்தால் அதை நீக்கு, வேறு புள்ளியோடு முடிந்தால் புள்ளியை மட்டும் நீக்கு. ‘அஞ்சுகிராம’ என்று தேடினால் அஞ்சுகிராமம், அஞ்சுகிராமத்தில், அஞ்சுகிராமத்துக்காரர் எல்லாம் வரும். ஊர்ப்பெயர்களில் பெரும்பகுதியை இந்த இரண்டு விதியே பிடித்துவிடும். நாடு நாட்டில் ஆவதும், ஆறு ஆற்றில் ஆவதும் மிச்சமிருக்கும். பள்ளியில் படித்த புணர்ச்சி விதிகளுக்கு நிரலில் வேலை இருக்கிறது என்று மாணவர் முதன்முறையாக உணர்வது இங்கேதான். நாகர்கோவில், நாகர்கோயில் என்று இரண்டு வழக்கும், அகஸ்தீஸ்வரம், அகத்தீஸ்வரம் என்று இரண்டு எழுத்துமுறையும் வாழும் மாவட்டம் இது. அவற்றைச் சமன்செய்ய ஒரு சிறு அட்டவணை வைத்தால் தேடல் பெட்டி ஊர்க்காரர் பேச்சுக்குப் பழகிவிடும்.

படிவங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தீர்வு எளிது, நேர்வதோ அவமதிப்பு. பெயர் எழுதும் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று சோதிக்கும் விதி பாடநூலிலிருந்து அப்படியே நகலெடுக்கப்படுகிறது. தமிழில் பெயர் எழுதியவரைப் பார்த்து ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்கிறது பக்கம். தன் பெயரைத் தன் மொழியில் எழுதிய ஒருவருக்குச் சொல்லக்கூடிய சொல்லா இது? சற்று விவரம் தெரிந்தவர்கள் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூனிகோடு வகையைப் பயன்படுத்துவார்கள். அதுவும் போதாது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அந்தக் கணக்கில் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் சேர்கின்றன. எழுத்தையும் குறியையும் சேர்த்து ஏற்க வேண்டும். நீள வரம்பும் குறியெண்ணைத்தான் எண்ணும். முத்துக்கிருஷ்ணன் ஒன்பதெழுத்துப் பெயர்; உலாவிக்கு அது 17. வரம்பு 15 என்றால் முத்துக்கிருஷ்ண என்று மொட்டையாக நிற்கும்.

இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் கற்பிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. உலாவிக்குள் இயங்கும் தமிழ்த் தட்டச்சுப் பெட்டியை நாமே எழுதுவது. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இதற்குப் பெருமைமிக்க முன்னோடிகள் இருக்கிறார்கள். கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லாத இணைய மையங்களில் உட்கார்ந்து தமிழர்கள் எழுதிய காலத்தில், சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் போன்ற பக்கங்கள் உலாவிக்குள்ளேயே எழுத்துருவை மாற்றிக் கொடுத்தன. அப்படிப்பட்ட நிரல் முழுவதும் பக்கத்துக்குள் இருப்பதால், பக்கத்தைச் சேமித்துக்கொண்டால் இணைப்பு இல்லாமலும் ஓடும். விக்கிப்பீடியாவில் 2011-இல் நாராயம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தட்டச்சுக் கருவி வந்தது. மலையாள விக்கிப்பீடியர்கள் தங்கள் தேவைக்குத் தொடங்கிய வேலையில் வேர்கொண்டது அது. தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் பரவி, பின்னர் ஜேகுவரி ஐஎம்இ என்ற நூலகமாக மறுவடிவம் பெற்றது.

தமிழ்99 விசைப்பலகையின் விதிகளை அஞ்சுகிராமத்தை வைத்தே விளக்கலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயன் அது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசின் தரமானது. அதில் மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் வரும். ஞகரத்தை அடுத்துச் சகரம், ஙகரத்தை அடுத்துக் ககரம் என்று இனமெல்லினத்துக்குப் பின் வல்லினம் வந்தால் புள்ளி தானே விழும். ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும் முதலாவதன் மேல் புள்ளி விழும். இனி ஊர்ப்பெயரைத் தட்டுவோம். அ, அடுத்து ஞ, ச: புள்ளியைத் தொடாமலே ‘ஞ்ச’ ஆகிவிட்டது. உ தட்டினால் ‘சு’. க, இ, ‘கி’. ர, ஆ, ‘ரா’. இப்போது ம, மறுபடியும் ம. விதி ஓடி ‘ம்ம’ என்று வந்துவிடும்! நமக்கு வேண்டியது ‘மம்’. இதற்காகவே தமிழ்99 ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் மகரத்துக்குப் பின் அகர விசையைத் தட்டினால், திரையில் ஒன்றும் மாறாது. ஆனால் அந்த மகரம் முடிந்துவிட்டது என்று பொருள். பிறகு ம, புள்ளி. மொத்தம் 12 விசை.

நிரல் எழுதுபவருக்கு இந்த அகர விசை பெரிய பாடம் சொல்கிறது. மற்ற எல்லா விதிக்கும் பெட்டியில் கடைசியாக நிற்கும் எழுத்தைப் பார்த்தால் போதும். கடைசியில் வெறும் மெய் இருக்கிறதா, உயிர் வந்தால் குறியாக மாற்று. அதே மெய் வந்தால் இடையில் புள்ளி வை. ஆனால் அகரம் தட்டப்பட்டது என்பதற்குத் திரையில் சுவடே இல்லை. ஆகவே நிரல் தன் நினைவில் அதை வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த விசை வந்ததும் அழித்துவிட வேண்டும். பக்கத்தில் தெரிவது வேறு, நிரல் அறிந்திருக்கும் நிலை வேறு என்ற கருத்து இங்கே விளங்கியவருக்கு, பின்னாளில் பெரிய நூலகங்களின் ‘ஸ்டேட்’ என்ற சொல் அச்சுறுத்தாது.

அடுத்த சிக்கல் சுட்டியில் வரும். தொடக்கத்தில் எல்லோரும் புதிய எழுத்தைப் பெட்டியின் கடைசியில் ஒட்டி, முழு உரையையும் திரும்ப வைப்பார்கள். கட்டுரையின் நடுவில் ஒரு சொல்லைத் திருத்தப் போனவரின் சுட்டி ஒவ்வொரு விசைக்கும் கடைசிக்குத் தாவும். சுட்டி நிற்கும் இடத்தைக் கேட்டு, அந்த இடத்தில் மட்டும் மாற்றும் ‘செட்ரேஞ்ச்டெக்ஸ்ட்’ கட்டளை அதைத் தீர்க்கும். கைப்பேசியில் தன் செயலியிலேயே தமிழ் தட்டுபவருக்கு நம் விதிகள் குறுக்கிடக் கூடாது என்பதால், வந்தது ஏற்கெனவே தமிழ் எழுத்தா என்று பார்த்து ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும்.

பயிற்சி முடிந்த மாணவர் ஜேகுவரி ஐஎம்இ நூலகத்தின் தமிழ்99 விதிக்கோப்பைத் திறந்து படிக்கட்டும். யாரும் பார்க்கக்கூடிய திறந்த நிரல் அது. பெரும்பகுதி, இன்னது வந்தால் இன்னதாக மாற்று என்ற இணைகளின் பட்டியல்தான். முன்னே நிற்கும் எழுத்துகளையும், வேண்டுமானால் முன்னே அழுத்திய விசைகளையும் பார்த்து முடிவெடுக்க அந்த நூலகம் இடம் தருகிறது. தன் நிரலில் தனி நினைவு வைத்துத் தீர்த்த சிக்கலை அவர்கள் எந்த வழியில் அணுகியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாமினி, இன்ஸ்கிரிப்ட், எழுத்துப்பெயர்ப்பு ஆகிய தட்டச்சு முறைகளுக்கும் தனித்தனிக் கோப்புகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2012 ஜனவரி முதல் வெளிவரும் கணியம் இதழ் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கி, நூல்களையும் இலவசமாகத் தந்துவருகிறது. ஊர்ப்பெயர்களைக் கொண்டு இந்தப் பயிற்சிகளை வரிசையாக எழுதி அங்கே அளிக்கும் வேலையை நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி வகுப்பு ஒன்றே ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.